செயலியை மூடியது யார் என்று முதலில் பாருங்கள்

ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். பயணிகளின் பெயர், வயது எல்லாம் அடித்து, பணம் கட்டும் பக்கம் வரை வந்தாயிற்று. ஓடிபி வந்ததா என்று மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், டிக்கெட் செயலி முதலிலிருந்து லாகின் கேட்கிறது. பாட்டு ஓடும்போது கேமராவைத் திறந்தால் பாட்டு நின்றுபோகிறது. இரவெல்லாம் வந்த வாட்ஸ்ஆப் செய்திகள், காலையில் போனைத் திறந்த பிறகுதான் மொத்தமாகக் கொட்டுகின்றன.

மூன்றுக்கும் கடையில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ரேம் பத்தல, வேற போன் வாங்கிடுங்க." உண்மையில் இவை பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. யூடியூபில் சொன்ன பத்து மாற்றங்களையும் ஒரே நாளில் செய்துவிட்டால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம்மூரில் 'மெமரி ஃபுல்' என்றால் போட்டோவும் வீடியோவும் சேர்ந்து ஸ்டோரேஜ் நிறைந்ததைச் சொல்கிறோம். பின்னணியில் செயலிகள் மூடப்படுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ரேம் என்பது திறந்த செயலிகள் தற்காலிகமாகத் தங்கும் இடம். ஆயிரம் குட்மார்னிங் படங்களை அழித்தாலும் அதில் ஓர் எம்பிகூட அதிகமாகாது.

ஆண்ட்ராய்டு ரேமை வேண்டுமென்றே நிரப்பித்தான் வைத்திருக்கும். நீங்கள் விட்டு வெளியேறிய செயலியை அப்படியே உள்ளே வைத்திருந்தால், திரும்ப வரும்போது உடனே காட்டலாம் என்பது கணக்கு. இடம் நெருக்கும்போது எல்எம்கேடி (ரேமைக் காலி செய்யும் ஆண்ட்ராய்டின் உள்நிரல்) என்ற காவலாளி சிலவற்றை வெளியே தள்ளுவார். அதற்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் அதிகமானது முதலில் போகும். திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 0. நோட்டிஃபிகேஷனோடு பாட்டுப் பாடுவது 200. ஹோம் ஸ்கிரீன் 600. கடைசியாக நீங்கள் விட்டு வந்த செயலி 700. அதற்கு முன்பு திறந்து மறந்தவை எல்லாம் 900க்கு மேல்.

இந்த எண்கள் மனதில் இருந்தால், கணினி இல்லாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஹோம் பொத்தானை அழுத்தியதும் ஐகான்களும் விட்ஜெட்டுகளும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்கின்றனவா? அப்படியானால் காவலாளி 900, 700 எல்லாவற்றையும் முடித்து 600 வரை வந்துவிட்டார். இது நிஜமான ரேம் பஞ்சம். கேமராவைத் திறந்ததும் பாட்டு நின்றால், நோட்டிஃபிகேஷன் பட்டியை இழுத்துப் பாருங்கள். பாட்டுச் செயலியின் அட்டை அங்கேயே இருந்து பாஸ் ஆகியிருந்தால் யாரும் அதை மூடவில்லை. வீடியோ எடுப்பதற்காக ஒலியைக் கேமரா வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அட்டையே காணவில்லை என்றால் 200இல் இருந்ததையும் தள்ளியிருக்கிறார்கள். ஒரு படத்துக்குப் பல ஃபிரேம்களைச் சேர்த்து அடுக்குகிற இன்றைய கேமராக்கள் கேட்கிற இடம் அப்படி.

திரையை அணைத்து ஐந்து நிமிடமோ அரை மணியோ கழித்துத்தான் செயலி சாகிறது, இடையில் நீங்கள் வேறு எதையுமே திறக்கவில்லை என்றால் ரேமைக் குறை சொல்லாதீர்கள். தூங்குகிற போனுக்கு என்ன ரேம் பஞ்சம்? அது பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் நிறுவனம் உட்கார வைத்த இன்னொரு காவலாளியின் வேலை. 8 ஜிபி, 12 ஜிபி போன்களிலும் வாட்ஸ்ஆப் தாமதமாவது இதனால்தான்.

மூன்றாவது வகை, ஓடிபி பார்த்துவிட்டு வரும் பத்தே நொடியில் முதல் பக்கத்துக்குப் போவது. அப்போது டிக்கெட் செயலியின் மதிப்பெண் 700. ஹோம் ஸ்கிரீன் தடுமாறாமல் இருக்க, இது மட்டும் போய்விட்டது என்றால், சந்தேகம் செயலியின் மேலேயே விழ வேண்டும். வெளியேறியதும் பாதுகாப்புக்காகத் தானே பூட்டிக்கொள்வது வங்கிச் செயலிகளின் வழக்கம். எந்த செட்டிங்ஸும் அதை மாற்றாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். போன் வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆன் செய்து மறந்திருப்பீர்கள். அது ஆனில் இருந்தால், நீங்கள் கண்ணை எடுத்த நொடியே அந்தப் பக்கம் அழிக்கப்படும்.

ஊகத்தில் நிற்க வேண்டாம் என்பவர்களுக்கு, ஆண்ட்ராய்டு 11 முதல் போனே மரணக் குறிப்பு எழுதி வைக்கிறது. கணினி வேண்டும். 'அபவுட் போன்' பகுதியில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சாம்சங்கில் அது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' உள்ளே இருக்கும். ஷாவ்மியில் ஓஎஸ் வெர்ஷனை ஏழு முறை தட்ட வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கூகுள் இலவசமாகத் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸைக் கணினியில் இறக்கி, கேபிளைச் செருகி, போன் கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். பிறகு கணினியின் கமாண்ட் விண்டோவில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டியது: ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி எக்ஸிட்-இன்ஃபோ (adb shell dumpsys activity exit-info), அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு செயலியின் பேக்கேஜ் பெயர். வாட்ஸ்ஆப்புக்கு அது காம் புள்ளி வாட்ஸ்ஆப் (com.whatsapp). மற்றவற்றுக்குக் கணினியில் பிளே ஸ்டோர் பக்கத்தைத் திறந்தால், முகவரியில் 'ஐடி=' என்பதற்குப் பிறகு வருவதுதான் பேக்கேஜ் பெயர்.

அந்தச் செயலி செத்த கடைசிச் சில தடவைகள் தேதி, நேரத்தோடு வரிசையாக வரும். பார்க்க வேண்டியது 'ரீசன்' என்ற எண்ணை. 3 என்றால் ரேம் பஞ்சம். 2 என்று இருந்து பக்கத்தில் ஸ்டேட்டஸ் 9 என்றால் அதுவும் பல போன்களில் ரேம் பஞ்சம்தான். காரணத்தைச் சொல்லத் தெரியாத போன் அப்படி எழுதும். 4, 5 என்றால் செயலி தானே விழுந்தது. 6 என்றால் உறைந்துபோய்ப் பதில் சொல்லவில்லை. இந்த மூன்றுக்கும் அப்டேட் தேடுவதோ கேஷ் அழிப்பதோதான் வழி. ரேமைத் தேடி அலைய வேண்டாம்.

வேடிக்கையானது 10. 'யூசர் ரெக்வெஸ்டட்', அதாவது நீங்கள் கேட்டுக்கொண்டதால் மூடப்பட்டது என்று அர்த்தம். சமீபத்தில் திறந்த செயலிகளின் அட்டைகளைக் காட்டும் ரீசன்ட்ஸ் திரையில் தள்ளிவிட்டிருந்தால் 'ரிமூவ் டாஸ்க்' என்று துணைக் காரணமும் இருக்கும். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு, நீங்கள் தூங்கும்போது, 10 என்றும் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' என்றும் பதிவாகியிருந்தால்? உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டது பெரும்பாலும் பேட்டரி காவலாளி.

அதே வரியில் 'இம்பார்ட்டன்ஸ்' என்று இன்னோர் எண் உண்டு. 400 என்றால் சும்மா கிடந்த செயலி. ரீசன் 3, இம்பார்ட்டன்ஸ் 400 என்பது எந்த ஆரோக்கியமான போனிலும் தினமும் நடப்பது. 3 என்று இருந்து இம்பார்ட்டன்ஸ் 125 அல்லது 100 என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஓடிக்கொண்டிருந்ததையே பிடுங்கியிருக்கிறார்கள்.

பேட்டரி காவலாளிதான் குற்றவாளி என்றால் வைத்தியம் எளிது, இடம்தான் போனுக்குப் போன் மாறும். பல ஆண்ட்ராய்டு போன்களில் செயலியின் ஆப் இன்ஃபோவில் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வைக்கலாம். சாம்சங்கில் அது மட்டும் போதாது: பேட்டரி செட்டிங்ஸில் 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' திறந்து, ஸ்லீப்பிங், டீப் ஸ்லீப்பிங் பட்டியல்களில் உங்கள் செயலி இருந்தால் எடுத்துவிட்டு, 'நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஷாவ்மி, ரெட்மி, போக்கோவில் இரண்டு பூட்டு: 'ஆட்டோஸ்டார்ட்' ஆன், பேட்டரி சேவரில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்'. ஒன்றைத் திறந்து மற்றதை விட்டால் பலன் இல்லை. ஆப்போ, ரியல்மியில் 'ஆட்டோ லாஞ்ச்', கூடவே பின்னணியில் இயங்க அனுமதி. விவோவில் பின்னணி மின்செலவுக்கென்று தனிப் பட்டியல் பேட்டரி செட்டிங்ஸில் இருக்கும். பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு இவற்றை ஒரு முறை சரிபாருங்கள்; சில சமயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாச் செயலிக்கும் இந்த விலக்கைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்ஆப், அலாரம், அலுவலக மெயில், உடல்நலக் கைக்கடிகாரத்தின் செயலி என்று நாலைந்துக்கு மேல் போனால், மாலைக்குள் பேட்டரி சிவப்புக்கு வரும்.

நிஜமான ரேம் பஞ்சம் என்றால், முதலில் குறைக்க வேண்டியது எப்போதும் உள்ளேயே உட்கார்ந்திருப்பவற்றை. லைவ் வால்பேப்பர், திரையில் மிதக்கும் சாட் குமிழ்கள், நாலு விட்ஜெட், புதிதாகப் போட்ட லாஞ்சர் ஆகியவற்றின் மதிப்பெண் குறைவாக இருப்பதால் காவலாளி எளிதில் தொடமாட்டார். அவற்றுக்கான இடத்தை மற்றவர்கள்தான் இழக்கிறார்கள். டூயல் ஆப், செகண்ட் ஸ்பேஸ் இன்னும் கனம். ஒரே போனில் இரண்டு குடித்தனம் நடத்துவது போல. 4 ஜிபி போனில் செகண்ட் ஸ்பேஸ் வைத்துக்கொண்டு செயலி மூடுகிறது என்று புலம்பக் கூடாது. எது எவ்வளவு தின்கிறது என்று பார்க்க டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'மெமரி' என்ற பகுதி உண்டு. கடந்த 3 மணி நேரம் முதல் ஒரு நாள் வரைக்குமான சராசரியைச் செயலிவாரியாகக் காட்டும். புதிய பதிப்புகள் சிலவற்றில் அந்தக் கணக்கெடுப்பை முதலில் ஆன் செய்யச் சொல்லும். பார்த்து முடித்ததும் ஆஃப் செய்துவிடுங்கள்.

பெட்டியில் 'ரேம் பிளஸ்', 'மெமரி எக்ஸ்டென்ஷன்', '4+4' என்று அச்சடித்திருப்பார்களே, அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்தக் கூடுதல் 4 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகம் அதற்கு வராது. யூஎஃப்எஸ் என்ற வேகமான ஸ்டோரேஜ் உள்ள போனில் 2 ஜிபி அளவுக்கு வைத்தால் தொல்லை இல்லை. விலை குறைந்த போன்களின் ஈஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜில், அங்கே தள்ளிய தரவைத் திரும்ப எடுக்கும் நேரத்தில் போன் திணறும். ஆண்ட்ராய்டு 10 முதல் காவலாளி, எவ்வளவு இடம் காலி என்பதோடு வேலைகள் எவ்வளவு நேரம் காத்து நிற்கின்றன என்பதையும் அளக்க முடியும். திணறல் கூடினால் இன்னும் சில செயலிகளை வெளியே தள்ளுவார். ஈஎம்எம்சி போனில் இந்தக் கூடுதல் ரேமை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்து இரண்டு நாள் பார்ப்பதுதான் என் பரிந்துரை. சாம்சங்கில் டிவைஸ் கேருக்குள் மெமரி பகுதியில் இருக்கிறது.

'ரேம் கிளீனர்', 'பூஸ்டர்' வகைகளைப் பற்றி நிதானமாக எழுத வரவில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. அவை மூடிய செயலிகளில் பாதி, ஒரு நிமிடத்துக்குள் தாமாக எழுந்து வரும். எழும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுவதால் பிராசஸரும் பேட்டரியும் செலவாகும். இதற்கிடையில் கிளீனர் தானும் விளம்பரத்தோடு ரேமில் உட்கார்ந்திருக்கும். ரீசன்ட்ஸில் எல்லாவற்றையும் தள்ளிவிடும் பழக்கமும் இதே கணக்குதான். சில போன்களில் அப்படித் தள்ளினால் ஃபோர்ஸ் ஸ்டாப்புக்குச் சமம். மறுபடி திறக்கும் வரை அந்தச் செயலிக்கு நோட்டிஃபிகேஷனே வராது. இன்னொரு பக்கம், ரீசன்ட்ஸில் அட்டை தெரிகிறது என்பதால் செயலி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. செத்த பிறகும் அதன் கடைசிப் படம் அங்கே தொங்கும்.

சாம்சங்கில் அந்த அட்டையின் மேலுள்ள ஐகானைத் தொட்டால் 'கீப் ஓப்பன்' வரும். ஷாவ்மியில் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டு. நிறுவனத்தின் சுத்தப்படுத்தும் வேலையிலிருந்து இது காப்பாற்றும். நிஜப் பஞ்சத்தில் காவலாளி பூட்டைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள 'பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட்' அதற்கு உதவும் என்று சிலர் அதை 2, 3 என்று குறைப்பார்கள். தலைகீழ் வைத்தியம்: பின்னணியில் அத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். 'ஸ்டாண்டர்டு லிமிட்' தவிர வேறெதுவும் வேண்டாம். நல்லவேளையாக ரீஸ்டார்ட் செய்தால் அது தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஓடிபிக்கு எந்த செட்டிங்ஸும் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது: டிக்கெட் செயலியை விட்டு வெளியே போகாதீர்கள். நோட்டிஃபிகேஷன் பட்டியை இழுத்தால் எண் அங்கேயே தெரியும். கூகுள் மெசேஜஸ் என்றால் 'காப்பி' பொத்தானும் இருக்கும். பட்டியை இழுப்பது வெளியேறுவது ஆகாது. மதிப்பெண் 0 அப்படியே நிற்கும். மெயிலில் வரும் எண்ணுக்கு ஸ்பிளிட் ஸ்கிரீன் போட்டு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். திரையில் தெரிகிற இரண்டில் ஒன்றைப் பிடுங்கும் அளவுக்குக் காவலாளி எளிதில் வரமாட்டார்.

ஐபோன்காரர்களுக்கு வேலை குறைவு, ஏனென்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. அங்கே காவலாளியின் பெயர் ஜெட்சம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் அனாலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ், அனாலிட்டிக்ஸ் டேட்டா என்று போனால், 'ஜெட்சம் ஈவென்ட்' என்று தொடங்கும் கோப்புகள் தேதியோடு இருக்கும். ஒன்றைத் திறந்து 'லார்ஜஸ்ட் பிராசஸ்' (largestProcess) என்ற சொல்லைத் தேடினால், அந்த நேரத்தில் அதிக இடம் தின்றது யார் என்று தெரியும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை நீக்கிப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு நாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு எக்ஸிட்-இன்ஃபோவை மறுபடி ஓட்டுங்கள். 10 காணாமல் போயிருந்தால் பேட்டரி காவலாளி விலகிவிட்டார். லைவ் வால்பேப்பர், டூயல் ஆப் எல்லாம் போன பிறகும் 3 என்பது 100, 125ஓடு வந்துகொண்டே இருந்தால், அந்த 3 அல்லது 4 ஜிபி போனில் இனிப் பிழிய ஒன்றுமில்லை. ஃபேஸ்புக் போன்றவற்றைச் செயலியாக வைக்காமல் பிரவுசரில் திறந்துகொண்டு, அடுத்த போன் வாங்கும்போது '8+8' என்ற அட்டையில் முதல் எண்ணை மட்டும் படியுங்கள்.