அடுப்புக்குப் பின்னால் ஒரு தாத்தா

ரஷ்யக் கிராமத்துக் கதைகளில் எல்லாரும் சூனியக் கிழவி பாபா யாகாவைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தவர் தமவோய். வீட்டைக் காக்கும் ஆவி. உடம்பெல்லாம் முடி வளர்ந்த குட்டிக் கிழவர், பெரிய அடுப்புக்குப் பின்னாலோ அடியிலோ குடியிருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'தாத்தா', 'எஜமான்' என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள்.

லாயத்திலும் அவர் ராஜ்ஜியம்தான். பிடித்த குதிரைக்குப் பிடரி மயிரைப் பின்னிவிடுவார். பிடிக்காத குதிரை என்றால் ராத்திரி முழுக்க விரட்டுவார். காலையில் பார்த்தால் அது வேர்த்துப்போய் நிற்குமாம்.

வீடு மாறும்போதுதான் விசேஷம். வீட்டின் மூத்த பெண்மணி பழைய அடுப்புக் கங்குகளைப் பானையில் அள்ளி, "தாத்தா, புது வீட்டுக்கு வாங்க" என்று அழைத்துப் போவார். சில ஊர்களில் மரப்பட்டையில் பின்னிய பழைய செருப்பு ஒன்று போதும், அதில் ஏறி வந்துவிடுவார். கூப்பிட மறந்தால் காலி வீட்டில் தனியாக அழுவாராம். பாவம், பேய்க் கதையில் போய் இப்படி ஒரு இடம்!

குளியல் குடிலில் இருக்கும் ஆவியான பன்னிக் மட்டும் வேறு ரகம். நள்ளிரவில் குளிக்கப் போனால் தோலை உரித்துவிடுவான். கடைசியாகக் குளிப்பவர் அவனுக்கும் கொஞ்சம் வெந்நீர் மிச்சம் வைத்துவிட்டு வர வேண்டும்.