ஆடித் தள்ளுபடிக்கு மூன்று ஜவுளிக்கடை கூப்பிட்டால்

ஆனி பாதியிலேயே விளம்பர வீடியோ கேட்டு அழைப்பு ஆரம்பித்துவிடும். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையிலிருந்து ஒரு போன், தெற்காவணி மூல வீதி நகைக்கடையிலிருந்து ஒரு வாட்ஸ்அப், சென்னை ஏஜென்சி ஒன்றிலிருந்து மெயில். மதுரையில் ரீல்ஸ் போட்டு முப்பது, நாற்பதாயிரம் பேரைச் சேர்த்தவர்களுக்கு ஆடியிலிருந்து தீபாவளி வரைதான் வரும்படி. வந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டால், ஒரே தெருவில் மூன்று கடையை "மதுரையிலேயே இதுதான் பெஸ்ட்" என்று சொல்ல வேண்டி வரும். பார்க்கிறவர்கள் அந்த மூன்று கடையிலும் ஏறி இறங்கியவர்கள். நாலாவது தடவை நம்ப மாட்டார்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, "வேறு கடைக்குச் செய்யக் கூடாது" என்ற நிபந்தனை. கடைக்காரர் வாய்ப்பேச்சில் சொல்வார், ஏஜென்சி ஒப்பந்தத்தில் எழுதும். "ஆடை" என்று பொதுவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டுப்புடவை, ரெடிமேட், பள்ளிச் சீருடை என்று எது என்பதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நாள் கணக்கையும் காலண்டரை வைத்துக்கொண்டே பாருங்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். 90 நாள் கட்டுப்பாடு என்றால் அக்டோபர் நடு வரை ஓடும், தீபாவளி ஜவுளி வியாபாரத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். 30 நாள் போதும் என்று பேசுங்கள். அதற்கு மேல் கேட்டால், அந்த மாதங்களில் நீங்கள் விடப்போகும் வேலையின் தொகையைத் தனியாகச் சேர்த்துக் கேளுங்கள். கடை கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஒரே வகையில் இரண்டு கடைக்கு நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுவது உங்களுக்கே நல்லது.

அடுத்தது பேச்சு. ஏஜென்சி அனுப்பும் ஸ்கிரிப்ட் எல்லா ஊருக்கும் பொதுவான விளம்பரத் தமிழில் இருக்கும். "இங்கிட்டு வாங்க, அம்புட்டும் இருக்கு" என்று பேசிப் பழகியவர் திடீரென்று "தரமான கலெக்‌ஷன்கள், நியாயமான விலையில்" என்றால் இரண்டாவது நொடியில் விரல் மேலே தள்ளிவிடும். ஸ்கிரிப்ட் வேண்டாம், விவரம் மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள்: பொருள், விலை, தள்ளுபடி தொடங்கும் தேதி, முடியும் தேதி, முகவரி. இரண்டு தடவை திருத்தம், அதுவும் தகவல் பிழைக்கு மட்டும் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் முதலாளி, அவர் மகன், மேனேஜர் என்று ஆளுக்கொரு திருத்தம் வந்துகொண்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளத்துக்கு ஒரு பக்கத் தாள் போதும்: இரண்டு நிறம், ஒரு எழுத்துரு, உங்கள் தொடக்க வரி. கடை லோகோ கடைசி மூன்று நொடியில் வரட்டும், போன் நம்பர் கேப்ஷனில் இருக்கட்டும். எழுத்துருவை, எந்த போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முக்தா மலர், கேட்டமரன் இரண்டும் இலவசம். கடையின் டிசைனர் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பும் வாசகத்தை மொபைல் எடிட்டிங் ஆப்பில் ஒட்டினால் கந்தரகோலமாக வரும், யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் திரும்ப டைப் செய்ய வேண்டும். 1080 x 1920 அளவில் கீழே மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். கேப்ஷனும் பொத்தான்களும் அங்கேதான் உட்காரும்.

இதெல்லாம் வெளிப்பூச்சு. பெயர் கெடுவது பெரும்பாலும் பொருளைச் சரிபார்க்காததால்தான். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியையே எடுங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, முடிச்சு விழுந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். அச்சடித்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. அச்சுச் சேலையை விற்பதில் தப்பே இல்லை. அதை "கைமுடிச்சு" என்று உங்கள் வாயால் சொல்வதுதான் தப்பு. சுங்குடி கட்டி வளர்ந்த ஊரில் இது கமெண்டில் அன்றைக்கே வந்துவிடும். நகைக்கடை "செய்கூலி, சேதாரம் இல்லை" என்றால் ஒரு மாதிரி பில்லைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஹால்மார்க்கோடு ஆறு இடத்தில் எழுத்தும் எண்ணுமாக அந்த நகைக்கே உரிய ஹெச்.யு.ஐ.டி என்ற அடையாளக் குறியீடு இருக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். பாக்கெட் உணவென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள். திங்கட்கிழமை ஜிகர்தண்டா, வியாழக்கிழமை எடை குறைக்கும் பவுடர் என்று போடுகிற கணக்குகளைப் பற்றி என்ன சொல்ல?

காசு வாங்கியதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று பலர் மறைக்கிறார்கள். சட்டம் அதை அனுமதிக்காது. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நீங்கள் பேசும் மொழியிலேயே தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தமிழ் வீடியோவுக்கு "விளம்பரம்" என்று போடுங்கள். இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. விளம்பரத் தரக் கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ.யின் கணக்கு: 15 நொடி வரையிலான வீடியோவில் அந்தச் சொல் குறைந்தது 3 நொடி திரையில் தெரிய வேண்டும், அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோ நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 45 நொடி ரீலுக்கு 15 நொடி. காசு இல்லாமல் சேலை மட்டும் கொடுத்தாலும் இதேதான். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அது பரிந்துரைப்பவரையும் சேரும்.

மதுரைக்கே உரிய ஒரு சிக்கல் பிளக்ஸ். ரீலுக்குப் பேசிய காசில் உங்கள் படத்தை வெட்டியெடுத்து காளவாசலில் ஒரு பிளக்ஸ், ஆட்டோ முதுகில் ஒரு ஸ்டிக்கர், லோக்கல் கேபிளில் ஒரு விளம்பரம் என்று போய்விடும். ஆறு மாதம் கழித்து இன்னொரு கடைக்கு நீங்கள் செய்யும்போதும் பழைய பிளக்ஸ் அங்கேயே தொங்கும். "இன்ஸ்டாகிராமில் மட்டும், 60 நாள், பிளக்ஸ், தியேட்டர், கேபிள், கட்டண விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை, தனி முடிவுத் தேதி" என்று எழுதி வாங்குங்கள். எடிட் செய்யாத மூல வீடியோவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வெட்டி ஒட்டிச் சொல்லாததைச் சொன்னதாக்கிவிடலாம். ஒப்பந்தம் வேண்டாம் என்கிற கடைக்காரரிடம் முத்திரைத் தாளை நீட்ட வேண்டியதில்லை. பேசியதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் மெசேஜாக அனுப்பி, "சரிங்கண்ணே, இதுதானே பேசுனது?" என்று கேட்டு அவர் "ஆமா" என்று பதில் போட்ட பிறகு கேமராவை எடுங்கள். பாதித் தொகை முன்பணம், மீதித் தொகை வீடியோ ஏறும் முன்.