மணலில் பழகிய கோல்கீப்பர் புல்தரைக்குப் போகும்போது

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, எல்லை தாண்டினால் கேரளத்தின் பொழியூர். இந்தக் கரையில் பந்து உதைக்காத பையன் அபூர்வம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் போல ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர்கள் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரை போய்விட்டார்கள். கோலிகளுக்குத்தான், அதாவது கோல்கீப்பர்களுக்குத்தான், கிளப் தேர்வில் தடங்கல் வருகிறது. "உயரம் பத்தாது" என்று அங்கே சொல்லி அனுப்புவார்கள். பல நேரம் குறை உயரத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது.

மணலில் பாதம் புதையும். எழும்ப வேண்டுமென்றால் முழங்காலை ஆழமாக மடக்கி உந்தியாக வேண்டும். அதே பழக்கத்தோடு புல்தரையில் நின்றால், மடக்கி எழுவதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 0.4 நொடியில் வந்துவிடும். அடிப்பவன் காலைப் பின்னுக்கு வீசும்போதே கோலி சின்னதாக ஒரு துள்ளு துள்ள வேண்டும். பாதம் தரையை விட்டதே தெரியக் கூடாது. பந்தில் பூட்ஸ் படும்போது இரண்டு காலும் தரையில், எடை முன்பாதத்தில். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பவனால் போகும் திசைக்குத் தாவலாம், எதிர்த்திசைக்குத் தாவவே முடியாது. நாம் பார்த்துத் திட்டும் 'ஈஸி கோல்'களில் பல இப்படி விழுந்தவைதான்.

தரைப்பந்தும் ஏமாற்றும். மணலில் பந்து சாகும், ஈரப் புல்லில் வேகம் குறையாமல் வழுக்கி வரும். கையை மட்டும் நீட்டி அள்ளப் பழகியவனுக்குக் கால் இடுக்கில் போய்விடும். கைக்குப் பின்னால் காலோ உடம்போ இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது நிற்கும் இடம். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நேர் எதிரே 11 மீட்டரில் ஒருவன் பந்தோடு நிற்கும்போது கோட்டிலேயே நின்றால் முழு அகலத்தையும் காக்க வேண்டும். 3 மீட்டர் முன்னே வந்தால் காக்க வேண்டியது ஏறக்குறைய 5.3 மீட்டர்தான். இரண்டு மீட்டர் சும்மா கிடைக்கிறது. இன்னும் முன்னே போனால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவான், அதனால் அவன் தலை குனிந்து பந்தைப் பார்க்கும்போது மட்டும் நகர வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதில் வராது. சின்ன கிரவுண்டு, ஆஃப்சைடும் கிடையாது, எந்த நேரமும் பக்கத்திலிருந்து அடி வரும் என்று கோட்டோடு ஒட்டியே நிற்பார்கள்.

தாவுவதில் நம் பையன்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விழுவதைத்தான் சொல்லித்தர வேண்டும். மணல் எல்லாத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும், செம்மண் கிரவுண்டு பொறுக்காது. கீழ்க்கால் பக்கம், தொடை, இடுப்போரம், விலா, தோள் என்று வரிசையாகத் தரையில் உருள வேண்டும். முழங்கை முதலில் ஊன்றினால் அதிர்ச்சி தோளுக்குப் போகும், பிடித்த பந்தும் தெறித்து எதிராளி காலில் விழும்.

சட்டமும் கோலியின் காலையே நம்பச் சொல்கிறது. சகா வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தைக் கையில் எடுக்க 1992 முதல் தடை. 2019 முதல் பெனால்டியில் உதைக்கும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டில் அல்லது அதற்கு நேராக இருந்தாக வேண்டும்; 2022 முதல் கோட்டுக்குப் பின்னால் இருந்தாலும் சரி. 2025 ஜூலையிலிருந்து பந்தை 8 நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

கிளவுஸ் விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் காசை வீணாக்குகிறோம். உள்ளங்கை லேடெக்ஸ் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர். மணலில் ஒரு மாதம்கூடத் தாங்காது. பயிற்சிக்குப் பழையது, ஆட்டத்துக்குத் தனி ஜோடி. ஆடும் முன் லேசாக நனைக்க வேண்டும், முடிந்ததும் சோப்புத்தூள் போடாமல் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு உள்ளங்கைகளைச் சேர்த்து மடித்தால் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது லேடெக்ஸ் உரியும். விரலில் தண்டு வைத்த கிளவுஸ் விரல் பின்னால் வளைவதைத் தடுக்கும். நுனியில் நேராகப் படும் அடிக்கு அது காவல் இல்லை. நுனிக்கணு தொங்கி, தானாக நிமிராமல் போனால் தசைநார் அறுந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழற்றாமல் நேராகக் கட்டு வைக்க வேண்டும். டேப் சுற்றிக்கொண்டு அடுத்த வாரமே இறங்குபவனுக்கு விரல் கோணிப்போகும்.

வேலை என்று பார்த்தால் கணக்கு கொடுமையானது. அணிக்கு மூன்று கோலி, ஆடுவது ஒருவன். இரண்டாமவன் வாரம் முழுக்க அதே பயிற்சி செய்து பெஞ்சில் உட்காருவான். ஆனால் ஆயுள் நீளம். டினோ ஸோஃப் 40 வயதில் 1982 உலகக் கோப்பையை வென்றார், எகிப்தின் எஸ்ஸாம் அல்-ஹதாரி 45 வயதில் 2018 உலகக் கோப்பையில் ஆடினார். 19 வயதில் கழித்துக்கட்டப்பட்டவன் மனம் தளர வேண்டியதில்லை. ரயில்வே, போலீஸ், வங்கி அணிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆளெடுக்கும்போது சான்றிதழையும் வயதையும்தான் முதலில் பார்ப்பார்கள், அதனால் மாவட்ட, மாநில அணிச் சான்றிதழ்களைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். கிளப் ஒப்பந்தம் வந்தால் சம்பளத் தொகையைவிட மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள்: அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது, காயத்தில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, சீசன் இடைவெளியில் செவன்ஸ் ஆட அனுமதி வேண்டுமா. மூன்றாவதைப் படிக்காமல் செவன்ஸ் ஆட கேரளத்தின் மலப்புறத்துக்கு வண்டியேறி, அங்கே தோள் நழுவினால் முதல் இரண்டு வரியும் செல்லாமல் போகலாம்.