முழுதானியம் வேகவைத்துப் பழகுவது: இதுவரை கண்டது

இப்போதைய நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு முழுதானியத்தைப் பெரிய பாத்திரத்தில் மொத்தமாக வேகவைத்து, வடித்து, ஆறவைத்து, இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜிலும் மிச்சத்தை ஃப்ரீசரிலும் போட்டுவிடுகிறேன், தீர்ந்ததும் அடுத்த தானியம், அவ்வளவுதான் என் முறை. குறிப்பு, செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். சத்துக்காக ஆரம்பித்தது உண்மை. ஆனால் சத்துக்காக மட்டும் என்றால் எப்போதோ விட்டிருப்பேன், பல்லில் படும்போது தனித்தனி மணியாக நின்று மெல்ல வைக்கிறதே, அது பிடித்துப்போய்தான் தொடர்கிறேன்.

முழுதானியம் என்றால் உமியோடு தின்பது இல்லை. உமி வெளிக்கூடு, அது போயே ஆக வேண்டும். அதற்குள் இருக்கும் தவிட்டுப் படலம், முளைக்கரு, நடுவில் இருக்கும் மாவுப்பகுதி ஆகிய மூன்றும் குறையாமல் இருந்தால் முழுதானியம். தீட்டும்போது முதல் இரண்டும் போய்விடும், நார், பி வைட்டமின்கள், இரும்பு, துத்தநாகம், நல்ல எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன. 1890-களில் ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் தள்ளாடி நோய் வருவதையும், தவிடு நீக்காத அரிசி தின்றால் அவை தேறிவிடுவதையும் கவனித்தார். அந்தத் தவிட்டில் இருந்தது பி1 வைட்டமின் என்பது பிறகுதான் தெரிந்தது, 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சமையல் செய்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், சத்தைப் பிடித்து வைத்திருக்கும் அதே தவிடுதான் தண்ணீரையும் சுலபத்தில் உள்ளே விடுவதில்லை. வெள்ளை அரிசி 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடுகிறது, தீட்டாத அரிசிக்கு 40, 45 நிமிடம். மற்றபடி சமைப்பதில் ஒரு வித்தையும் இல்லை, நேரம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். ஒரு பங்கு தானியத்துக்கு இரண்டு பங்கு, இரண்டரைப் பங்கு, மூன்று பங்கு என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், எல்லாமே அவரவர் பாத்திரத்துக்குச் சரி. அரிசி உண்மையில் உறிஞ்சிக்கொள்வது கிட்டத்தட்ட தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான், மீதியெல்லாம் ஆவியாகப் போவதற்கு. ஆவியாவது பாத்திரத்தின் அகலம், மூடியின் இறுக்கம், தீயின் அளவு, எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதையெல்லாம் பொறுத்ததே தவிர, உள்ளே எத்தனை கப் தானியம் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை. ஆகவே தானியத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரையும் இரண்டு மடங்காக்குவது கூடாது, குழைந்துவிடும். இந்தக் கணக்கில் இருந்து தப்பிக்க ஒரே வழி, கணக்கே இல்லாமல் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தானியத்தைப் போட்டு, அவ்வப்போது ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, போதும் என்று தோன்றியதும் வடித்துவிடுவது. வடித்த பிறகு தட்டு மூடி ஒரு பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும், வெளியே ஒட்டிய ஈரத்தை மணி உள்ளே இழுத்துக்கொள்ளும், உதிரியாக வரும்.

வடித்தால் சத்து போகாதா? கொஞ்சம் போகும், தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். ஆனால் தீட்டாத அரிசியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நெற்பயிர் மண்ணில் இருந்தும் நீரில் இருந்தும் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை எடுத்துக்கொள்கிறது, அது தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது, அதனால் வெள்ளை அரிசியைவிடத் தீட்டாத அரிசியில் கூடுதலாக இருக்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் கணிசமான பங்கு வெளியேறிவிடும் (அந்தத் தண்ணீரே சுத்தமாக இருந்தால்தான் இது நடக்கும்). தினமும் அரிசியே சாப்பிடுகிறவர் வடிப்பது நல்லது என்பது என் கட்சி. பார்லி, கோதுமைக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை, அவற்றின் கஞ்சியைக் கொட்டாமல் சூப்பில் சேர்த்துவிடலாம்.

ஊறவைப்பது அவசியமா என்பதையும் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தாயிற்று. முழுக்கோதுமை, முழுச் சோளம் (மக்காச்சோளம் இல்லை, சின்ன உருண்டை மணி) இரண்டையும் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் வேகும் நேரம் நன்றாகக் குறைகிறது, மணியும் நடுவில் கட்டியாக நிற்காமல் ஒரே சீராக வேகிறது. சாமை, தினை, கினோவா போன்ற பொடி மணிகளுக்கு ஊறல் கட்டாயமே இல்லை. நேரத்தைத் தாண்டி ஊறவைக்க இன்னொரு காரணம் ஃபைட்டிக் அமிலம். தானியம் தன் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் செய்துவிடும். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி கோதுமையிலும், அதற்கு நெருங்கிய உறவான ரை என்ற தானியத்திலும் தாராளம், அரிசியிலும் சோளத்திலும் குறைவு. லேசான புளிப்பும் வெதுவெதுப்பும் இருந்தால் அந்த நொதி இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆகவே வெறும் குளிர்ந்த நீரில் ஊறவைப்பதைவிட முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும் பலமான வழிகள். பலவிதமாகச் சாப்பிடுகிறவர்கள் இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, நான் நேரம் இருந்தால் ஊறவைப்பேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

இதுவரை செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது பார்லிதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டுகிறேன். கடையில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளையாகத் தீட்டிய முத்து பார்லி. கறாராகப் பார்த்தால் அது முழுதானியமே இல்லை, தவிடு போய்விட்டது. ஆனால் பார்லியில் ஒரு வேடிக்கை உண்டு, அதன் நார் தவிட்டில் மட்டும் இல்லாமல் மாவுப்பகுதி முழுவதும் பரவியிருக்கிறது. வேகவைக்காத முத்து பார்லி 100 கிராமில் சுமார் 15 கிராம் நார், அதே அளவு தீட்டாத அரிசியில் மூன்றரை கிராம்தான். முழு என்ற பெயரைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் யோசிக்கலாம், நார்தான் நோக்கம் என்றால் தீட்டாத அரிசியை மட்டும் நம்பியிருப்பதில் பெரிய லாபம் இல்லை. பார்லியிலும் ஓட்ஸிலும் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்தான் கஞ்சிக்கு அந்த வழவழப்பைக் கொடுப்பது, ஒரு நாளைக்கு 3 கிராம் அளவுக்கு உள்ளே போனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைய உதவுகிறது. முத்து பார்லி அரை மணி நேரத்தில் இருந்து 40 நிமிடத்துக்குள் வெந்துவிடும், உமி மட்டும் நீக்கிய பார்லிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வடித்து ஆறிய பார்லியில் வெங்காயம், கீரை, எலுமிச்சை, எண்ணெய் என்று எதைப் போட்டுக் கிளறினாலும் மறுநாளும் மணி உடையாமல் நிற்கிறது. சூப்பில் போட்டால் மட்டும் கவனம், ராத்திரியோடு ராத்திரியாகக் குழம்பை எல்லாம் குடித்து ஊதிப்போய்க் கிடக்கும்.

சோளம் பிடிவாதக்காரத் தானியம். ஒரு மணி நேரம் கொதித்தாலும் வெடிக்காது, குழையாது, அதுவே அதன் நல்ல குணமும், நொறுங்காத மணி வேண்டிய இடத்தில் எல்லாம் தைரியமாகப் போடலாம். காய்ந்த மணியைச் சூடான சட்டியில் மூடிபோட்டு வறுத்தால் சின்னச் சின்னப் பொரியாக வெடிக்கும், எல்லா மணியும் வெடிக்காது, பரவாயில்லை. தினையையும் சாமையையும் வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துவிட்டு வேகவைத்தால் உதிரியாக வரும், வறுக்காமல் கூடுதல் நீரில் கிளறிக் கிளறி வைத்தால் கூழாகிவிடும், இரண்டும் தேவைப்படும் சமயம் உண்டு. கினோவாவைக் கழுவாமல் வைத்தால் கசப்புத் தட்டலாம், மேல் தோலில் சாபோனின் என்ற பொருள் இருக்கிறது, சோப்பு போல நுரைக்கும், நுரை நிற்கும்வரை வடிகட்டியில் அலசினால் போதும். கினோவா புல்வகையே இல்லை, கீரைக் குடும்பத்து விதை, ஆனால் சமையலறையில் அதைத் தானியமாகத்தான் நடத்துகிறோம். ஓட்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: அவலாக நசுக்கியதும் சரி, கத்தியால் துண்டாக்கியதும் சரி, தவிடும் கருவும் உள்ளே இருப்பதால் இரண்டும் முழுதானியமே. பெரிய துண்டு மெதுவாகச் செரிக்கும், நொடியில் கரையும் வகை வேகமாகச் செரித்துச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். துண்டு ஓட்ஸ்தான் என் தேர்வு.

பிரஷர் குக்கரில் வைத்தால் நேரம் பாதியாகக் குறையும் என்பது நிஜம். ஆனால் பார்லியும் ஓட்ஸும் நுரைத்து மேலே ஏறி ஆவித்துளையை அடைத்துவிடக்கூடியவை, அதனால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக் குக்கருக்கு மேல் போகக் கூடாது, கொஞ்சம் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும், ஆவியைச் சட்டென்று திறந்துவிடாமல் தானாக அடங்க விட வேண்டும். கடித்துப் பார்க்க முடியாது என்பதுதான் குக்கரில் எனக்குள்ள குறை. முழுக்கோதுமைக்கு மட்டும் அதை எடுக்கிறேன், மற்றவை திறந்த பாத்திரத்தில்தான்.

உப்பை ஆரம்பத்திலேயே போட்டால் வேகாது என்று ஒரு பேச்சு உண்டு, செய்து பார்த்ததில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, உள்ளே ருசி ஏற வேண்டும் என்றால் முதலிலேயே போடுவதுதான் சரி. புளிப்பு வேறு கதை. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் மணி மென்மையாவதைத் தாமதப்படுத்தும், வெந்த பிறகு சேர்க்க வேண்டும். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 அழிந்துபோகும். எய்க்மனின் கோழிகளைத் தேற்றிய அதே பி1 என்பதால் சோடா டப்பாவை எடுக்கவே மனம் வருவதில்லை. கறுப்பரிசி வைக்கும்போது ஒரு விளையாட்டு: வடித்த ஊதாத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாக மாறும், சோடா போட்டால் நீலம், பச்சை என்று போகும். குழந்தைகளுக்கு ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும்.

மொத்தமாக வேகவைப்பதில் ஒன்றை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது, வெந்த தானியம் அறைச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெரிய பாத்திரத்தில் குவியலாக விட்டால் நடுப்பகுதி ஆறவே ஆறாது. அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறேன், உள்ளே மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. ஃப்ரீசருக்குப் போவதை ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் பரப்பி வைத்தால் சூடான கடாயில் சில நிமிடத்தில் இளகிவிடும். குளிரில் இருந்து வந்த தானியத்தில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி நார் போல நடந்துகொள்கிறது என்பது கூடுதல் வரவு.

மாவு விஷயத்தில் நான் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறேன். முளைக்கருவின் எண்ணெய் அரைத்த கணத்தில் இருந்து காற்றோடு சேர ஆரம்பிக்கும், கூடவே நொதியும் எண்ணெயை உடைக்கும், அதனால் முழுதானிய மாவு வெள்ளை மாவு போல அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்காது. கம்பு மாவு எல்லாவற்றையும்விட வேகமாகக் கசந்துவிடும். சின்ன அளவில் அரைத்து ஃப்ரீசரில் வைப்பதுதான் வழி, முகர்ந்து பார்த்தால் பழைய பெயின்ட் வாசனை அடித்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். முழுக்கோதுமை ரொட்டி செங்கல்லாக வருவதற்குக் காரணமும் தவிடுதான்: அது தண்ணீரை மெதுவாகக் குடிக்கும், அதன் கூரான துணுக்குகள் ரொட்டியை உப்பவைக்கும் பசைய (குளூட்டன்) வலையை அறுக்கும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகவே வைத்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி வெகுவாகத் தேறுகிறது. பாதி முழு மாவு, பாதி வெள்ளை மாவு என்ற கலவையில் இப்போது நன்றாகவே உப்புகிறது, முழுவதும் முழு மாவாக வைத்தால் இன்னும் நடுவில் கனம் நிற்கிறது. பல தானிய ரொட்டி என்று எழுதி விற்பதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்தப் பட்டத்துக்குத் தானியம் முழுசாக இருக்க வேண்டும் என்று அர்த்தம் கிடையாது, பழுப்பு நிறம்கூடச் சர்க்கரைப் பாகில் வந்ததாக இருக்கலாம். பொருள் பட்டியலில் முதல் பெயர் எது என்று பாருங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒரே நாளில் மூன்று வேளையும் மாறிவிடாதீர்கள், வயிறு உப்பும், காற்றுப் பிரியும். ஒரு வேளை, அதுவும் பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். செலியாக் நோய் (அந்தப் பசையம் குடலுக்கு ஆகாத நோய்) இருப்பவர்கள் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் தொடக் கூடாது, சோளம், கம்பு, சிறுதானியம், அரிசி, கினோவா என்று அவர்களுக்கும் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, கோதுமையை முளைகட்டி, வால் மணியின் நீளத்தைத் தாண்டுவதற்குள் எடுத்து, உலர்த்தி அரைத்து ரொட்டிக்குப் பயன்படுத்திப் பார்க்கப் போகிறேன். முளையில் நொதி கூடிவிடுவதால் மாவு பிசுபிசுக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் முதல் தடவை மொத்த மாவில் கால் பங்குதான் சேர்ப்பேன், மீதி அதே பாதிக்குப் பாதிக் கலவை.