திருப்பிப் படுக்க வைத்தது யார்?

ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முதியோர் வார்டில் ஆய்வு உதவியாளனாக இருந்தபோது என் பையில் இரண்டு கட்டுப் படிவங்கள் இருக்கும். ஒன்று நோயாளிகளுக்கு: தானே சாப்பிட முடிகிறதா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடிகிறதா என்றெல்லாம் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும் பார்த்தெல் அட்டவணை. இன்னொன்று செவிலியர்களுக்கு: உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட, பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் வரும் ஆழ்ந்த சோர்வை, அளக்கும் 22 கேள்விகள். தனித்தனி கோப்பு, தனித்தனி அறிக்கை. ஒரே வார்டில் ஒரே ராத்திரியில் நடப்பதை இப்படி வெட்டிப் பிரிப்பது சரியில்லை என்பது என் கட்சி.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து தானாகப் புரள முடியாத பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, கறுத்து, குழி விழுந்துவிடும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்ப, மற்றவர் முதுகுக்குத் தலையணை கொடுத்து, சிறுநீர்க் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ள. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. நான் உட்கார்ந்திருந்த வார்டில் நைட் டூட்டிக்கு ஒரே சிஸ்டர், கட்டில்கள் நிரம்பித் தரையிலும் பாய். அப்புறம் யார் திருப்பினார்கள்? கட்டிலுக்கடியில் துண்டு விரித்துப் படுத்திருந்த மருமகளும், பக்கத்துக் கட்டில் தாத்தாவின் மகனும். கேஸ் ஷீட்டில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என எல்லாக் கட்டத்திலும் டிக், ஒரே பேனாவில், ஒரே சாய்வில், காலை ரவுண்ட்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் போட்டது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, திருப்பியது நிஜம்தானே. ஆனால் எங்கள் தரவில் அந்த மருமகள் எங்கேயும் இல்லை.

செவிலியர் படிவத்தில், நோயாளிகளைப் பொருள் மாதிரி நடத்துவதாகத் தோன்றுகிறதா என்கிற தொனியில் ஒரு கேள்வி வரும். ஒரு மூத்த சிஸ்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ பேசணும்னுது. எனக்கு அந்தப் பக்கம் டிரிப் முடியுற நேரம். கையை எடுத்துட்டுப் போறேன். இது எதுல வரும்னு நீங்களே டிக் போட்டுக்கோங்க தம்பி."

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து நீடித்த அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது என்றது. நாங்களோ பரிந்துரை எழுத உட்கார்ந்தால் யோகா, தியானம், கவுன்சலிங். ஆள் போடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் அது ஆய்வின் வரம்பில் வராதாம். (தியானத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நைட் முடித்து பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவருக்கு முதலில் தூக்கம் வேண்டும்.)

வெளியேயும் இதே கதைதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். டாக்டர், நர்ஸ் என்று மட்டும் பட்டியல் போட்டால் அவர்களும் விட்டுப்போவார்கள்.

அடுத்த ஆய்வுத் திட்டத்தில், திருப்பும் அட்டவணையில் 'யார்' என்று ஒரு கட்டம் சேர்த்து, சோர்வு பற்றிய கேள்விகளை நோயாளியுடன் தங்கும் அட்டெண்டர்களிடமும் கேட்க அனுமதி கோரினேன். இவர்கள் நோயாளிப் பிரிவா, பணியாளர் பிரிவா என்று நெறிமுறைக் குழு கேட்டிருக்கிறது. இரண்டிலும் சேர்க்கலாம் என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.