ஏழூர்ச் சுற்றும் ஒரு சைக்கிளும்

தஞ்சாவூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கோயம்புத்தூர்க்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். அவர்களுக்கு வால்பாறை இருக்கிறது, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலை, 70 வளைவு. எங்களுக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம். அதில் ஏறி இறங்கினால் அன்றைய மலையேற்றம் முடிந்தது.

ஆனால் காற்று உண்டு. ஆனி, ஆடியில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் சமதரையிலேயே கியரை இறக்கி முக்க வேண்டியிருக்கும். வயல்வெளியில் மறைவு ஏது? அதனால் அந்த மாதங்களில் காற்று கிளம்புவதற்கு முன்பே மேற்கே போய்விடுவேன். வெயில் ஏறியபின் திரும்பும்போது அதே காற்று வீடுவரை கொண்டுவந்து விடும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது தாண்டியபிறகு வாங்கியது இந்த வளைந்த ஹேண்டில் பார் சைக்கிள், 28 மில்லிமீட்டர் டயர். துப்பட்டா போட மாட்டேன், செயினில் மாட்டும். தலையில் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் ஒரு பொம்பளை காலை ஆறு மணிக்கு ஊருக்குள் நுழைந்தால், எந்த ஊரானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஏம்மா, பஸ்ஸு வரலையா?” ஆரம்பத்தில் உடற்பயிற்சி, ஆரோக்கியம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது “வரலைங்க” என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

டெல்டாவில் சைக்கிளுக்கு எந்த ரோடு நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆற்றோடு போகிற ரோட்டைப் பிடியுங்கள், ஆற்றைத் தாண்டுகிற ரோட்டை விடுங்கள். இங்கே ஆறெல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. பஸ்ஸும் லாரியும் தெற்கு வடக்காகத்தான் அதிகம். தஞ்சாவூர்–திருவையாறு ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு குறுக்கே வரும். ஐந்து பாலத்திலும் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். ஏதாவது ஒரு கரையில் சட்டென்று திரும்பிவிட்டால் சத்தம் நின்றுவிடும். கரை ரோடு ஆறு வளைகிற இடத்திலெல்லாம் வளையும், அவசரக்காரர்களுக்கு ஆகாது. திருவையாறு–கும்பகோணம் ரோடு மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. ஆற்றோடுதான் போகிறது, ஆனாலும் இரைச்சல்.

கரை கரையாகச் சுற்றிவிட்டு நான் கடைசியில் பிடித்துக்கொண்டது புது வழி ஒன்றும் இல்லை. ஏழூர்ப் பல்லக்கு போகிற வழி. சித்திரையில் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திகேசரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் கிளம்புவார்கள். பங்குனியில் திருமழபாடியில் கல்யாணம் முடிந்த புது மாப்பிள்ளை அல்லவா நந்தி, ஊர் ஊராக அழைத்துப் போவார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம், மறுபடி திருவையாறு. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் சேர்ந்துகொள்ளும். தோளில் சுமக்கிறவர்களுக்கு ஏற்ற தூரத்தில்தான் ஒவ்வொரு ஊரும் அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம். சைக்கிள்காரிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? தண்ணீர், நிழல், திண்ணை மூன்றும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

பல்லக்கு ஆற்று மணலில் இறங்கிக் குறுக்கே போய்விடும். மேட்டூர் மூடியிருக்கிற மாதம், ஆறு காய்ந்து கிடக்கும். நமக்கு அது நடக்காது, பாலத்துக்குத்தான் சுற்றி வர வேண்டும். அதனால் என் வரிசை வேறு. கண்டியூரை நடுவில் வைத்துக்கொண்டு முதலில் கிழக்கே வேதிகுடி, சோற்றுத்துறை, பிறகு காவிரி தாண்டித் திருவையாறு, பழனம், தில்லைஸ்தானம், கடைசியில் பூந்துருத்தி. ஆனி, ஆடியில் பூந்துருத்தியை முதலில் வைத்துக்கொள்வேன், அது மேற்கே இருப்பதால். தஞ்சாவூரிலிருந்து போய்த் திரும்ப 50 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும்.

இதில் எனக்கு உயிர், கண்டியூருக்குக் கிழக்கே இருக்கிற துண்டு. ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்குத் தார். ஓரத்தில் வாய்க்கால், அதைத் தாண்டினால் நெல், நடுநடுவே வாழைக்கொல்லை. ஸ்கூல் வேன் எதிரே வந்தால் காலை ஊன்றி ஓரமாக நின்றுவிட வேண்டும், டிரைவரும் கையைத் தூக்கிவிட்டுப் போவார். சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம், அதாவது கேஜ் வீல், மாட்டிய டிராக்டர் போயிருந்தால் தார் வரிவரியாகப் பெயர்ந்து கிடக்கும். அந்த இடங்களில் உட்கார்ந்து ஓட்டினால் முதுகெலும்பு பேசும், எழுந்து நின்றுகொள்வது நல்லது.

அறுவடை நேரத்தில் ரோட்டில் பாதி நமக்கு இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை, தை, மாசியில் சம்பா. களம் போதாததால் தார் ரோட்டில்தான் நெல் காயும். பரப்பிய நெல்லுக்கு எல்லையாகச் செங்கல், மரக்கட்டை, சில இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. இதைத் திட்டி எழுதுகிற சைக்கிள்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள், எப்போதாவது தளர்வு அறிவித்தால் உண்டு. ஐப்பசி மழை மேலே நிற்கும்போது அந்த ஈரத்தை வேறு எங்கே கொண்டுபோய் இறக்குவது? சோற்றுத்துறைக்கு முன்னால் காலால் வரிவரியாக நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் நின்று பேசினேன்.

“ஈரம் 19 காட்டுதாம். நாளைக்கு வான்னுட்டான்” என்றார். நான் டீச்சர் என்று தெரிந்ததும், “என்ன பாடம்?” என்றார். கணக்கு என்றேன்.

“அப்ப சொல்லு பாப்பா, 17-க்கு வர இன்னும் எத்தனை வெயில் வேணும்?”

நான் யோசிப்பதற்குள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, “ரெண்டு” என்று விடையையும் அவரே சொல்லிவிட்டார்.

நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். அது ஒருத்தருடைய ஆறு மாதம், அது ஒன்று. மெல்லிய டயர் நெல்லில் வழுக்கும், அது இன்னொன்று. வைக்கோல் அதைவிட மோசம், பின் கியரில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன். கூடவே வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர். ரோடு பைக் டியூபின் மெல்லிய வால்வுக்கு ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது. கரைகளில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமே இல்லை.

நாய்களைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். விடியற்காலையில் துரத்தும், எட்டு மணிக்கு மேல் அதே நாய் கண்ணைக்கூடத் திறக்காது. துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். ஓடாத சைக்கிளில் அவற்றுக்குச் சுவாரஸ்யம் இல்லை.

திருவையாற்றில் நின்றால் அசோகா சாப்பிடாமல் வரக் கூடாது. பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இனிப்புக்குப் பிறகு வேறு எந்தச் சத்து மாவும் வேண்டாம். வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கிக்கொண்டு தியாகராஜர் சமாதிப் பக்கம் ஆற்றங்கரையில் உட்காரலாம். தை மாத ஆராதனை நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் கார் நிறுத்தவே இடம் இருக்காது. திருப்பழனம் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மிதித்தால் திங்களூர். பார்த்தே இராத திருநாவுக்கரசர் பேரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகள் ஊர். சந்திரன் கோயில் என்பதால் திங்கட்கிழமை கூட்டம், மற்ற நாளில் அமைதி. தில்லைஸ்தானத்தில் நான் அதிகம் நிற்பதில்லை.

பூந்துருத்தியில் நிற்பேன். அப்பர் மடம் கட்டித் தங்கிய ஊர். சம்பந்தர் வருகிறார் என்று கேள்விப்பட்டு எதிரே போனவர், கூட்டத்துக்குள் புகுந்து அவர் பல்லக்கைத் தாமும் ஒரு தோள் கொடுத்துச் சுமந்தாராம். அப்பர் எங்கே என்று சம்பந்தர் மேலிருந்து கேட்க, பதில் கீழேயிருந்து வந்ததாம். கிருஷ்ண லீலா தரங்கிணி பாடிய நாராயண தீர்த்தரின் சமாதியும் இந்த ஊரில்தான்.

ஏழூர் போதாது என்கிறவர்கள் பூந்துருத்தியில் திரும்பாமல் மேற்கே நடுக்காவேரி, திருக்காட்டுப்பள்ளி, கோவிலடி வழியாகக் கல்லணைவரை போகலாம். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாவது ஆகும். ஆனால் தேதியை நம்பி லீவு போடாதீர்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோவிலடி அப்பக்குடத்தான் பெருமாளுக்கு ராத்திரி அப்பம் படைப்பார்கள். காலையில் போகிற எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கல்லணைக்கு ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள்.

கண்டியூர்ப் பக்கம் புறவழிச்சாலைக்காக விளைந்த வயலில் மெஷினை இறக்கியபோது விவசாயிகள் போராடியது நினைவிருக்கலாம். பஸ்ஸும் லாரியும் அந்தப் பக்கம் போய்விட்டால் பழைய ரோடு எனக்கு நல்லதுதான். அந்த வயல்களையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால் அதை இங்கே யாரிடமும் சொல்வதில்லை.

பல்லக்கு போகிற அன்றைக்குச் சைக்கிளை எடுக்காதீர்கள். அன்று ரோடெல்லாம் ஜனம். நடந்துதான் போக வேண்டும். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பிப் பழனம் போய், மணலில் இறங்கி ஆறு தாண்டினால் சோற்றுத்துறையில் சாப்பாடு போடுவார்கள். தில்லைஸ்தானத்தில் ராத்திரி வாணவேடிக்கை இருக்கும் என்றாலும், சித்திரை வெயில் எனக்கு ஆகாது. பந்தியில் சாப்பிட்டு எழுந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.