செருயாவின் பிள்ளைகள்

மார்ச் 4
பைபிளில் சாமுவேலின் இரண்டாம் புத்தகம், இரண்டாம் அதிகாரம். அரசன் சவுல் இறந்தபின் வடக்கே அவன் மகன் இஸ்போசேத் அரசன், தெற்கே எப்ரோனில் தாவீது அரசன். கிபியோன் குளத்தின் ஒரு கரையில் இஸ்போசேத்தின் படைத்தலைவன் அப்னேரின் ஆட்கள், மறுகரையில் தாவீதின் படைத்தலைவன் யோவாபின் ஆட்கள். எல்லோரும் இஸ்ரவேலர்தான். பக்கத்துக்கு 12 பேர் எழுந்து, அவனவன் எதிராளியின் தலையைப் பிடித்து விலாவில் வாளைச் செருகுகிறான். மொத்தமாக விழுகிறார்கள். மூடிவைத்துவிட்டேன்.

மார்ச் 5
யோவாபின் தம்பி ஆசகேல், கலைமானைப்போல ஓடுகிறவன். தோற்று ஓடும் அப்னேரை விடாமல் துரத்துகிறான். அப்னேர் இரண்டு முறை விலகிப்போகச் சொல்லிப் பார்க்கிறான், கேட்கவில்லை. அப்னேர் ஈட்டியின் பின்கட்டையால் அவன் வயிற்றில் குத்துகிறான், அது முதுகுவழியே வந்துவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் அவன் கிடந்த இடத்தை அடைந்ததும் நின்றுவிட்டார்களாம். அந்த வரியை நான்கு முறை படித்தேன்.

மார்ச் 6
தாவீது பக்கம் 19 பேரும் ஆசகேலும். எதிர்ப்பக்கம் 360. அந்த 360 பேரை யார் புதைத்தார்கள் என்ற பேச்சே இல்லை. ஆசகேலைப் பெத்லகேமில் தகப்பனின் கல்லறையில் வைத்துவிட்டு, இரவெல்லாம் நடந்து விடியும்போது எப்ரோன் சேர்கிறார்கள். அந்தத் தகப்பனின் பெயர்கூட இல்லை. யோவாப், அபிசாய், ஆசகேல் என்ற அண்ணன் தம்பி மூவரும் தாயின் பெயரால் செருயாவின் குமாரர். செருயா தாவீதின் சகோதரி. அப்படியானால் தாவீது தாய்மாமன்! இத்தனை நாள் இது உறைக்கவே இல்லை.

மார்ச் 8
எருசலேமுக்கு வடமேற்கே அல்-ஜிப் கிராமத்தில் 1956இல் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அகழ்வாய்வைத் தொடங்கினார். பாறையில் குடைந்த வட்டக் குளம், இறங்க 79 படிகள். கிபியோன் என்று எபிரேயத்தில் கீறிய ஜாடிக் கைப்பிடிகளும் கிடைத்தன. கதையில் வரும் குளம் இதுதானா என்பது வேறு வழக்கு. படத்தில் பார்த்தால் அகன்ற கிணறு என்றே சொல்வேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் முகம் தெளிவாகத் தெரியும்.

மார்ச் 11
தாவீதோடு சமாதானம் பேசி, விருந்துண்டு கிளம்பிய அப்னேரைத் திரும்ப அழைத்து, தம்பியின் சாவுக்குப் பழியாக எப்ரோன் வாசலில் யோவாப் குத்துகிறான். வயிற்றில்தான். தாவீது பாடைக்குப் பின்னால் நடக்கிறான், கல்லறையில் சத்தமிட்டு அழுகிறான், புலம்பல் பாடுகிறான், பொழுது சாயும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை. குத்தியவனையே இரட்டு என்ற முரட்டுத் துக்கத்துணி உடுத்தி, பாடைக்கு முன்னால் அழுதுகொண்டு நடக்கச் சொல்கிறான். இதில் அரசியல் இல்லாமல் இல்லை. கொலையில் அரசனுக்குப் பங்கில்லை என்று ஊர் நம்பவேண்டுமே.

சவுலுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் பாடினான், அப்னேருக்கும் பாடினான். உடன்பிறந்தாள் மகனுக்கு மாமன் பாடியதாக ஒரு வரி இருக்குமா என்று புரட்டிக்கொண்டே போனேன். 23ஆம் அதிகாரத்தில், முப்பது வீரர் பட்டியலில் ஆசகேல் முதல் பெயராக இருக்கிறான். அங்கேயும் யோவாபின் சகோதரன் என்றுதான்.